நகத்தளவு ஆட்டோ

போன வருடம் கோடையில், நெய்வேலி டவுன்ஷிப்பில் நடந்தது இது. அங்கே ஒரு பிளக்ஸ் பேனர் கடையில் பதினோரு வருடமாக டிசைனராக இருக்கிறேன். கல்யாணமோ, காதுகுத்தோ, இருபதடி பேனரில் ஒரு வம்சத்தையே அடக்கிவிடுவேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

எங்கள் கடைக்கு எதிரே ஆட்டோ ஸ்டாண்ட். அங்கே ஆட்டோ ஓட்டும், பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்த பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து, சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் வண்டி கூப்பிட ஒரு மொபைல் ஆப் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரின் மகள் கம்ப்யூட்டர் படித்தவள். ஆப்பை அவளே செய்தாள். போன் திரையில் ஆப்பைக் காட்டும் குட்டிப் படமான ஐகானை வரையும் வேலை என்னிடம் வந்தது.

விட்டேனா? ஆட்டோ, காக்கிச் சட்டை போட்ட பெண், பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, உதிக்கும் சூரியன், அடியில் ஆப்பின் பெயர் என்று எல்லாவற்றையும் வைத்தேன். கம்ப்யூட்டரில் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை ஆப் தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய புதன்கிழமை மதியம், எல்லோர் போனிலும் ஏற்றிப் பார்த்தோம். அவர்களில் மூத்தவரிடம், "திறங்க பார்ப்போம்" என்றேன். திரையை மேலும் கீழும் தள்ளினார்.

"தேடிக்கினே இருக்கேம்மா, எங்க வச்சீங்க?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"இதுவா? ஏதோ கறைன்னு தொடச்சிக்கினு இருந்தேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். வாங்கிப் பார்த்தேன். அவர் போன் ஐகானை வட்டமாக வெட்டியிருந்தது. அந்தப் பெண்ணின் தலையைக் காணோம். பெயரில் முன்னும் பின்னும் எழுத்தைக் காணோம். மிச்சமெல்லாம் ஒரே குழப்பம்.

அந்த மூத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. படத்தைப் பார்த்துதான் தொடணும். இது தெரியலன்னா வர்ற சவாரி எனக்கு இல்ல" என்றார்.

முதலில் போன் மீதுதான் கோபம் வந்தது. கடைக்கு வந்து என் படத்தை நகத்தளவுக்குச் சுருக்கிப் பார்த்த பிறகு, கோபம் போய் வெட்கம் வந்தது. ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினேன். சூரியன் போனது, புகைபோக்கி போனது, பெயர் போனது. இரண்டு நாள் மெனக்கெட்டு வரைந்த அந்தப் பெண்ணின் முகத்தை எடுக்கத்தான் மனசு வரவில்லை. அதையும் எடுத்தேன். கடைசியில் நின்றது கருநீலப் பின்னணியில் ஒரு மஞ்சள் ஆட்டோவின் முன்பக்கம், நடுவில் வெள்ளையாக ஒரு விளக்கு. வட்டமாக வெட்டினாலும் தப்பிக்கும்படி சுற்றிலும் இடம் விட்டேன். நகத்தளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, ஐந்தடி தள்ளி நின்று பார்த்தேன். ஆட்டோ தெரிந்தது.

சனிக்கிழமை, அதே மதிய வெயில். புது ஐகானை மற்ற ஆப்களுக்கு நடுவே ஒளித்து வைத்து, எங்கே என்று காட்டாமல் மூத்தவரிடம் போனை நீட்டினேன். வாங்கியதும் கட்டை விரல் நேராகப் போய் உட்கார்ந்தது.

"தோ, நம்ம வண்டி!"

அதோடு விடவில்லை. மற்ற எட்டுப் பேரும் ஐகானை இடம் மாற்றி மாற்றிப் போனை நீட்ட, எட்டிலும் கண்டுபிடித்தார். ஒருவர் விசிலே அடித்துவிட்டார்! அந்த விசில் எனக்குத்தான் என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை கடை வாசலில் நின்றிருந்தேன். எதிரே ஸ்டாண்டில் மூத்தவரின் போன் அடித்தது. திரையை ஒரு பார்வை பார்த்து, ஒரே தொடல். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, எனக்குக் கையை ஆட்டியபடி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

இன்றைக்கும் எந்த வேலையை எடுத்தாலும், அவசரத்தில் அதைத் தேடப் போகும் ஒருவரின் விரலை நினைத்துக்கொண்டுதான் முதல் கோட்டைப் போடுகிறேன்.