பேசாத புது வெர்ஷன்

நாகேஸ்வரன் திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. காலையில் கரமனையில் பஸ் ஏறிப் போய் போர்டின் முன்னால் உட்கார்ந்தால், எந்த அதிகாரி இன்று யார்மேல் எரிச்சலாக இருக்கிறார் என்பதுவரை அவருக்குத் தெரிந்துவிடும். குரல் போதும். நம்பர்களை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தடவை சுழற்றிய நம்பர் விரலிலேயே தங்கிவிடும்.

தனக்கு வந்த கடிதத்தைத் தானே படிப்பது மட்டும் நாற்பது வயதுவரை அவருக்கு வாய்க்கவில்லை. பிரெயில் தெரியும். பிரெயிலில் அவருக்கு யார் எழுதப் போகிறார்கள்? வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்வது அக்கா பொன்னம்மை. அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள். கட்டிக்கொண்ட வீட்டுக்கே தம்பியையும் கூட்டி வந்து, புருஷன் இறந்த பிறகும் தன்னோடு வைத்துக்கொண்டவள். அக்கா படிக்கும்போது சில வரிகள் காணாமல் போகும். நாகர்கோவிலில் சித்தப்பா சாகக் கிடந்தபோது வந்த கடிதத்தில் 'சுகமில்லை' என்பது மட்டுமே அவர் காதுக்கு வந்தது. அவனுக்கு எதுக்கு வெசனம் என்பாள். அந்த இடங்களில் அக்கா மூச்சை ஒருமாதிரி இழுப்பாள். அவரும் தெரியாததுபோல இருந்துவிடுவார்.

பேசும் போன் வந்தது 2005இல். பார்வையற்றோர் சங்கம் ஒன்று தைக்காட்டில் முகாம் நடத்தி, சிலருக்குப் போனும் கொடுத்து, அதில் ஒரு புரோகிராமையும் ஏற்றிக் கொடுத்தது. திரையில் இருப்பதையெல்லாம் அது இங்கிலீஷ் உச்சரிப்பில் வாசிக்கும். முகாமில் அவருக்குப் பக்கத்து நாற்காலி ஓமனாவுக்கு. கொல்லத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளும் ஆபரேட்டர், அவளுக்கும் பார்வை இல்லை. பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவள் அவர் பக்கம் சாய்ந்து, "ஈ சாயிப்புக்கு ஜலதோஷமாணோ?" என்று கேட்டாளாம். அந்த வெள்ளைக்காரக் குரலுக்கு அன்றிலிருந்து சாயிப்பு, அதாவது துரை, என்று பெயர்.

அவர்கள் எழுதிக்கொண்டது மலையாளத்தை இங்கிலீஷ் எழுத்தில். சாயிப்பு அதைக் கடித்துத் துப்புவான். அவன் வாயில் சரியாக வருகிற மாதிரி எழுத்துகளைக் கூட்டிக் குறைத்து இருவரும் பழகிக்கொண்டார்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மெசேஜ், சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ஒன்று. கொல்லத்தில் மழை, இன்றைக்கு ஒரு டாக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நீ சாப்பிட்டாயா. அவ்வளவுதான் இருக்கும். இயர்போனை மாட்டிக்கொண்டு நாகேஸ்வரன் கேட்பார். நடுவில் வேறு ஆள் இல்லை. பின்னால் அவர்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த என்னிடம் இதைச் சொன்னபோது, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு அறையில் உட்கார்ந்தமாதிரி இருந்தது என்றார்.

பேச முடியாதா என்றால், முடியாது. ஓமனா அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கூடம். ஆஸ்பத்திரி போர்டிலோ அழைப்பு ஓயாது.

அடுத்த வருஷம் ஓணத்துக்கு துபாயிலிருந்து பொன்னம்மையின் மகன் ஜெயகுமார் வந்தான். மாமாவின் மேல் அவனுக்கு உயிர். மாமாவின் போன் பித்தான்கள் தேய்ந்து வழவழத்துப் போயிருந்ததைப் பார்த்துவிட்டு, அவர் குளிக்கப் போன நேரத்தில் சிம்மைக் கழற்றிக்கொண்டு, பழைய போனை எம்.ஜி. ரோட்டுக் கடையில் மாற்றிப் புதியது வாங்கி வந்துவிட்டான்.

"மாமா, இது மூணாவது வெர்ஷன். உள்ள ஓடுற சிஸ்டமே மொத்தமா மாத்திட்டான். இனி இதுதான்."

நாகேஸ்வரன் பித்தானைத் தடவிப் பார்த்தார். "சாயிப்பு எங்கடே?"

"அது ஏத்திக்கலாம் மாமா. ஒரு சிடி போதும்."

ஏற்ற முடியவில்லை. பழைய வெர்ஷனுக்கு எழுதிய எதுவும் புதியதில் ஓடாது. பேசும் புரோகிராம் அந்தப் பழைய போனுக்கென்றே பூட்டப்பட்டிருந்தது. ஜெயகுமார் கடைக்கு ஓடினான், போன் கைமாறிப் போயிருந்தது. சங்கத்தில் கேட்டால், புது வெர்ஷனுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், சில மாதம் ஆகும் என்றார்கள். ஜெயகுமார் அழுதுவிட்டான். "போட்டும்டே, நீ நல்லதுக்குத்தானே செஞ்சே" என்று நாகேஸ்வரன் அவனைத் தேற்றி விமானம் ஏற்றினார்.

போன் கிணுங்கும். மெசேஜ் வந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். மெனுவெல்லாம் இடம் மாறிப்போனதால் பதில் எழுதவும் வழி புரியவில்லை. ஒரு நாள் துணிந்து ஆஸ்பத்திரி போர்டுக்கே கூப்பிட்டார்.

"என் போன் பேச மாட்டேங்குது ஓமனா. நீ எழுதினது ஒண்ணும் எனக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் போர்டில் வேறு இரண்டு லைன்கள் சேர்ந்து மணியடித்தன. "எனக்கு இப்ப பேச முடியாது. எல்லாம் எழுதியிருக்கேன்" என்றாள் மலையாளத்தில். "உங்களுக்கு நம்பிக்கையான யாரையாவது படிக்கச் சொல்லுங்க. படிச்சுட்டு மறுபடி எழுதுங்க. நான் காத்துக்கிட்டு இருக்கேன்." லைன் போய்விட்டது.

அலுவலகத்தில் யாரிடம் கொடுத்தாலும் மறுநாள் கேன்டீன் சிரிக்கும். நம்பிக்கை என்றதும் அவருக்கு மனதில் வந்தது ஒரே ஆள். வீட்டுக்கு வந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவிடம் போனை நீட்டினார். கொல்லத்தில் ஒரு பெண் என்று அப்போதுதான் சொன்னார்.

பொன்னம்மை பத்தாவது வரை படித்தவள். எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கடைசி மெசேஜைப் படித்தாள். அண்ணன் எனக்கு ஓரிடம் பார்த்திருக்கிறார். பாலக்காட்டுக்காரர், மனைவி இறந்தவர், கண் தெரியும். எல்லாருக்கும் சம்மதம்.

அங்கே நிறுத்தினாள்.

"அக்கா மூச்ச இழுத்தது கேட்டுது" என்று நாகேஸ்வரன் என்னிடம் சொன்னார். "எனக்காக வெசனப்படுதான்னு நெனச்சேன்."

அவர் பதில் எழுதச் சொன்னார். "நல்லா இருக்கணும்னு எழுதுக்கா. வேற ஒண்ணும் வேண்டாம்."

அதை மட்டும் பொன்னம்மை ஒரு எழுத்துக் குறையாமல் எழுதி அனுப்பினாள். அதற்குப் பிறகு போன் கிணுங்கவில்லை.

பல வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திருவனந்தபுரத்துக்குத் திரும்பி, அவர்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு வந்தது 2007இல். என்னிடம் லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருப்பது தெரிந்து, மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகேஸ்வரன் போனோடு மேலே வந்தார். சங்கத்திலிருந்து தகவல் வந்திருந்தது. புது வெர்ஷனுக்குப் பேசும் புரோகிராம் வெளிவந்துவிட்டது.

"ஏத்தித் தருவியா தங்கச்சி? போன் அடிச்சா யாருன்னு பாக்கக்கூட அடுத்தவன் கால்ல விழ வேண்டியிருக்கு."

கீழே கூடத்தில் வைத்து ஏற்றினேன். பொன்னம்மை சமையல்கட்டில் அவியலுக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். போன் அணைந்து, எரிந்து, சத்தமாகப் பேசியது. நாகேஸ்வரன் சிரித்தார். "சாயிப்புக்கு ஜலதோஷம் போயிட்டு, கேட்டியா?"

குரலைப் பழகிக்கொள்ள ஒவ்வொரு பித்தானாக அழுத்திப் பார்த்தார். விரல் இன்பாக்ஸில் இறங்கியது. ஓமனா என்றது போன். நான் இயர்போனை எடுத்து நீட்டினேன், அவர் கவனிக்கவில்லை. எல்லாருக்கும் சம்மதம் என்பதுவரை வாசித்துவிட்டுப் போன் அங்கே நிற்காமல் மேலே வாசித்தது. எனக்குச் சம்மதம் இல்லை. வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். நான் பஸ் ஏறித் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன். அங்கே வந்து நின்றால் போதும், உங்கள் இருமல் எனக்குத் தெரியும்.

சமையல்கட்டில் மிக்ஸி நின்றது.

அவர் இன்னொரு முறை அழுத்தினார். போன் மறுபடி முழுவதையும் அதே வேகத்தில் வாசித்தது.

பொன்னம்மை கதவருகே வந்து நின்றாள். கையில் தேங்காய் ஒட்டியிருந்தது.

"பாதிதான் படிச்சியாக்கா?"

"ரெண்டு பேருக்கும் கண்ணு இல்லாம, ஒரு வீட்ல அடுப்ப யாருடே பத்த வைப்பா? ஒரு பிள்ளைக்கிப் பனி, காய்ச்சல்னு வந்தா யாரு பாப்பா?" அவள் குரல் உயரவில்லை. "நான் எத்தன நாளைக்கி இருப்பேன்?"

"அவ கொல்லத்துல அண்ணன் வீட்ல அத்தன பேருக்கும் சமைச்சுப் போட்டுக்கிட்டு இருந்தாக்கா."

பொன்னம்மை கையில் ஒட்டிய தேங்காயை முந்தானையில் துடைத்தாள்.

அவர் ஓமனாவின் நம்பரை அழுத்தினார். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. பிறகு ஆஸ்பத்திரி போர்டு. ஒரு இளம்பெண் எடுத்தாள். ஓமனா என்று கேட்டார்.

"ஓமனச் சேச்சி போயல்லோ. கல்யாணம் கழிஞ்ஞு, பாலக்காட்டா" என்றாள். யார் கூப்பிட்டதாகச் சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டபோது, நாகேஸ்வரன் போர்டில் பேசுகிற தன் அலுவலகக் குரலுக்கு வந்திருந்தார்.

"ஒண்ணுமில்ல. லைன் டெஸ்ட் பண்ணினேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் மாடிக்குப் போக எழுந்தேன். பொன்னம்மை எனக்கும் சேர்த்து இலை போட்டுவிட்டாள், மறுக்கத் தெரியவில்லை. தம்பிக்கு இலை போட்டால், எந்தக் கறி எந்தப் பக்கம் என்று அவள் சொல்லிக்கொண்டே வைப்பது வழக்கம். அன்றைக்கு அவளுக்கு வாய் வரவில்லை. நாகேஸ்வரன் சோற்றைச் சுற்றி விரலால் தடவி, கிடைத்ததை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.