அப்பாவின் வலப்பக்கத்து இலை

என் பெண்ணுக்கு எட்டு வயதாகும்வரை ஊரில் எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் அவளைப் பற்றிப் பேசினார்கள். அவள் முகத்தைப் பார்த்துப் பேசியவர்கள் குறைவு. நாலு வயதுக்குப் பிறகுதான் நடந்தாள். வார்த்தை ஒவ்வொன்றாக, நிதானமாக வரும். வலது கை பிறந்ததிலிருந்தே மூடிய முஷ்டி. பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாத்தியாருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

இப்போது இந்த மாதிரிக் குழந்தைகளுக்குக் கைவேலை கொடுத்துப் பழக்குவதற்கென்றே படித்துவிட்டு வருகிறார்களாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திருவனந்தபுரத்தில் எனக்குக் கிடைத்தது, ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் சொன்ன ஒற்றை வரி. மருந்து ஒன்றும் கிடையாது, கைக்கு வேலை கொடு என்றார். என்ன வேலை என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அடுக்களையை ஒரு சுற்றுப் பார்த்தேன். அங்கே வேலைக்கா பஞ்சம்?

முதலில் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஓட்டோடு கப்பலண்டி வரவழைத்தேன். எங்கள் ஊரில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். என் கணவர் கச்சேரியில், அதாவது சர்க்கார் ஆபீஸில், குமாஸ்தா, எதையும் அளந்து செய்கிற மனிதர். மூட்டையை இறக்கிவிட்டு, "ஏண்டி, கடை வைக்கப் போறியா?" என்றார். குழந்தை இடது கையால் ஒரு கடலையை எடுத்து, வலது முஷ்டிக்குள் திணித்து, இரண்டு கையும் சேர்த்து அழுத்தி உடைக்க வேண்டும். நான் கண்டுபிடித்த வைத்தியம் இதுதான். ஓடு உடைகிற சத்தம் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உடைய உடையச் சிரிப்பாள். அப்புறம் வீட்டில் கப்பலண்டிச் சட்னி, கப்பலண்டிப் பொடி, கப்பலண்டி போட்ட உப்புமா. "காப்பியிலயும் போட்டிருக்கியா?" என்று அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்ப்பார்.

பிறகு புளி கரைக்கச் சொன்னேன், மாவு பிசையச் சொன்னேன். அடுக்களைச் சுவரில் அவள் பூசிய மாவைச் சுரண்டி எடுப்பது என் வேலை. முஷ்டி முழுசாகத் திறக்கவில்லை, ஆனால் கட்டைவிரல் விலகிக் கொடுத்தது. அன்றைக்கு நான் தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சாப்பாட்டில்தான் சண்டை. அவளுடைய இடது கை படு சமர்த்து. தானாகவே சாதத்தைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். இவருக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

"எடங்கையால சாதம் திங்கறதை எப்படிடி பார்த்துண்டிருக்கறது? நீ ஊட்டி விட்டுடு."

"நான் ஊட்டறேன். எனக்கப்பறம் யாராக்கும் ஊட்டுவா?"

மறுநாளிலிருந்து இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார். குழந்தை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள்.

அப்படியிருக்கும்போது என் நாத்தனாரின் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது, அந்தக் கால வழக்கப்படி நாலு நாள். கோயிலைச் சுற்றின கோட்டைக்குள், எங்களுக்கு அடுத்த தெருவில்தான் வீடு. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நாத்தனார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நெனைச்சுக்காதே. திருநெல்வேலியிலேர்ந்து சம்பந்தி வரா. கொழந்தை எடங்கையால சாப்பிடறதைப் பார்த்தா, நம்ம குடும்பத்துல என்னமோ தோஷம்னு நெனைச்சுப்பா. உள்ளுல தனியா எலை போட்டுடறேன், கேட்டியா? ஒண்ணும் கொறை வைக்க மாட்டேன்."

அவர் குரலில் இருந்த பரிவுதான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது. "பந்தியில அவளுக்கு எலை இல்லேன்னா எனக்கும் வேண்டாம், அக்கா" என்றேன். இவர் குடையை விரித்து அதன் கம்பிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

நான் வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர, விஷயம் என் கையில் இல்லை. முதல் பந்தி ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும். பெண்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் உட்காருவோம். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவர் இவர். மறுநாள் காலைவரை இவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. இலை போட்டாயிற்று என்று குரல் கேட்டதும் நான் அடுக்களை வாசலில் போய் நின்றேன்.

இவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நேரே பந்தியின் நடுவில் போய் உட்கார்ந்து, அவளைத் தன் வலப்பக்கத்து இலையில் உட்கார வைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரிமாறி முடிந்த பிறகுதான் உறைத்தது, தலையில் அடித்துக்கொண்டேன். வலப்பக்கத்தில் உட்கார வைத்தால் இவருடைய வலது கையும் அவளுடைய இடது கையும் முட்டிக்கொள்ளாதா? இடப்பக்கம் மாற்றலாம் என்றால், இவரும் பக்கத்தில் இருந்தவர்களும் இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு மந்திரம் சொல்லியாயிற்று. இனிமேல் சாப்பிட்டு முடிகிறவரை எழுந்திருக்கவோ இலையை நகர்த்தவோ கூடாது.

முதல் கவளத்திலேயே முட்டிக்கொண்டது. இவர் கையிலிருந்த பருப்பு சாதம் மடியில் விழுந்தது. குழந்தை கடகடவென்று சிரித்தாள். இவர் கையை மடக்கிக்கொண்டு, அவள் ஒரு வாய் சாப்பிடுகிறவரை காத்திருந்து, அப்புறம் தான் ஒரு வாய் சாப்பிட்டார். சாம்பார், புளிசேரி, ரசம் எல்லாம் இப்படித்தான். பாதி இவர் இலையில் அப்படியே கிடந்தது.

எதிர் வரிசையில் சம்பந்தி. வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், "கொழந்தை யாரு?" என்று கேட்டார்.

"என் பொண்ணு" என்றார் இவர், பந்தி முழுக்கக் கேட்கிற குரலில். "அவளுக்கு எடங்கைதான் வழங்கும். நன்னா சாப்பிடுவா."

அந்த மனிதரை நான் கல்யாணம் செய்துகொண்டது அன்றைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு போளி போட்டு, அதன்மேல் பால்பாயசத்தை இலையிலேயே விட்டார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. திருநெல்வேலிக்காரருக்குப் பழக்கம் போதாது. அவர் இலையில் பாயசம் வேஷ்டியை நோக்கிக் கிளம்பிவிட்டது. என் பெண் இலையிலும் ஓடிற்று. யாரும் சொல்லவில்லை, அவளே வலது முஷ்டியைத் தூக்கி இலை ஓரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, இடது கையால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். சம்பந்தி அதைப் பார்த்தார். தானும் இடது கையால் தன் இலை ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாயசத்தில் இறங்கிவிட்டார்.

என் தோளுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. திரும்பினால் நாத்தனார். கண் இரண்டும் கலங்கியிருந்தன.

"நாளைக்கு அவளுக்கு வரிசையோட எடதுகோடி எலையைப் போடச் சொல்றேன்" என்றார். "பாவம், என் தம்பியும் வயிறு நெறையச் சாப்பிடட்டும்."