பானெட்டின் வலப்பக்கம்

ஜீப்பின் பானெட்டைக் கழற்றி, மணல் நிரப்பிய இரண்டு கோணிச் சாக்குகளின்மேல் குப்புறப் போட்டிருந்தார்கள். அண்ணி பழைய கைலியும் அண்ணனின் காக்கிச் சட்டையும் போட்டுக்கொண்டு உளியைப் பிடித்திருந்தார். அண்ணன் சுத்தியலை ஓங்கி அடித்தார். அடி விழும்போது அண்ணியின் கை ஒரு நூல்கூட அசையவில்லை. எட்டு மாதத்துக்கு முன்வரை அந்த இடத்தில் உளி பிடித்தவன் நான். பேராக்கின் செமோர் ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கி, ரப்பர் தோட்டத்து மண்சாலையில் வேர்க்க வேர்க்க நடந்து வந்தவனுக்கு முதலில் கண்ணில் பட்டது இந்தக் காட்சிதான். வயிற்றெரிச்சல் என்பதை அன்றைக்குத்தான் வயிற்றிலேயே உணர்ந்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எழுபதுகளின் கடைசி அது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன்தான் என்னை வளர்த்தார். தோட்டத்து மேனேஜர் துரை வேண்டாமென்று தள்ளிவிட்ட ஜீப்பை அவர் வாங்கி, துருவைச் சுரண்டி, இன்ஜினைப் பிரித்துப் பூட்டினார். நான் அவர் பக்கத்திலேயே கிடந்தேன். திட்டிக்கொண்டேதான் வேலை செய்வார். "மண்ணாங்கட்டி, பதினாலு நம்பர் ஸ்பேனர் கேட்டா பதினாறக் குடுக்குறான் பாரு!" என்பார். பிறகு அதே வாயால், "சாப்ட்டியாடா?" என்பார். இருபத்திரண்டு வயதில் ஈப்போவில் ஒரு பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். வாரம் ஆறு நாள் ஊரார் வண்டி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜீப். அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது.

அண்ணி எங்கள் தோட்டத்துப் புகைவீட்டில் வேலை பார்த்தவர். ரப்பர் ஷீட்டுகளைக் கழியில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டிக் காயவைப்பார்களே, அந்தக் கட்டடம். நெருப்பைப் பார்த்துக்கொள்வதும் கூரைத் திறப்புகளைத் திறந்து மூடுவதும் அவர் பொறுப்பு. ஜீப்போ தோட்டத்தின் மேட்டுப் பகுதியான மேல் டிவிஷனுக்குப் போகும் ஏற்றத்தில் ஏறினாலே கொதிக்கும். பாதி வழியில் நிறுத்தி ஓடைத் தண்ணீரை ஊற்றவேண்டும். ரேடியேட்டரை மாற்றவேண்டும், விசிறியைப் பெரிதாக்கவேண்டும் என்று நான் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணி ஒரே ஒரு நாள் பானெட்டின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சூடு உள்ளுக்குள்ளயே நின்னு வேகுது லா. புகைவீட்டுக்கு மேல வாய் வைக்கிற மாதிரி இதுக்கும் வச்சு விடுங்க. வாய் மட்டும் காத்துக்கு முதுகக் காட்டணும்."

அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தியாடா? பட்டறைக்காரனுக்குத் தோணல!" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாக இல்லை. அண்ணனோடும் பட்டறையிலுமாக ஏழெட்டு ஆண்டு கைகறுக்க உழைத்தவன் நான். நெருப்புக்கு விறகு தள்ளிய பெண் வந்து எனக்கு இன்ஜின் பாடம் எடுப்பதா?

நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இடப்பக்கத்தில் ஐந்து வெட்டுகளைப் போட்டு முடித்தார்கள். உளியால் குறுக்கே கோடு கிழித்து, கோட்டின் முன்பக்கத் தகரத்தைக் கட்டையால் தட்டி மேலே தூக்கிவிட்டால், திறப்பு ஓட்டுகிறவரைப் பார்த்து இருக்கும். சூடு அதன் வழியே போய்விடும். எதிரே வரும் காற்றும் மழையும் உள்ளே நுழையாது. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. குறை கண்டுபிடிக்கக் குனிந்து குனிந்து பார்த்தேன். கிடைக்கவில்லை. வலப்பக்கத்தை அடுத்த வாரம் செய்யலாம் என்று சொல்லிவிட்டு, அண்ணன் மரலாரி ஓட்ட சிலிம் ரிவருக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு தோட்டத்து மாரியம்மன் திருவிழா. மேல் டிவிஷன்காரர்களுக்கு அன்னதானச் சோற்றை எங்கள் ஜீப்பே ஏற்றிப்போகும் என்று கோயில் தலைவரிடம் அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். வாய்ப்பு தானாக வந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒருமுறை பந்தயக் கார் ஒன்றைப் பார்த்திருந்தேன். அதன் பானெட்டில் ஒரு வாய் முன்பக்கம் பார்த்துத் திறந்திருந்தது. ஆகா, ஒரு பக்கம் காற்றை வாங்கவேண்டும், மறுபக்கம் விடவேண்டும், இதுதான் படித்த வேலை என்று முடிவு கட்டினேன். சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு வந்து, வலப்பக்கத்தில் ஐந்து வெட்டுகளைப் போட்டு, பின்பக்கத் தகரத்தைத் தூக்கிவிட்டேன். ஐந்து வாயும் சாலையைப் பார்த்துத் திறந்திருந்தன.

கோப்பி கொண்டுவந்த அண்ணி பார்த்துவிட்டு நின்றார். "தம்பி, வாய் திரும்பிருச்சே. மழ வந்தா உள்ள குடிச்சிரும்."

"அண்ணி, நீங்க புகைவீட்டுல படிச்சீங்க. நான் பட்டறையில படிச்சேன்."

அவர் கோப்பியை வைத்துவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலையில் அண்ணன் வந்தபோது நான் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. அவர் பானெட்டைத் தடவிக்கொண்டு, "ஒரு பக்கம் வாங்குது, ஒரு பக்கம் விடுது! ஒனக்கு மூள எங்கிருந்து புள்ள வருது?" என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமாமென்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். நான் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றேன். அடப்பாவி, அது என் மூளை என்று கத்தவேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த நிமிடம் சொன்னால் பிச்சை கேட்பதுபோல் ஆகிவிடும். ஏற்றம் ஏறி முடிக்கட்டும், எல்லோர் முன்னாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஏற்றத்தில் பாதி தூரம் ஜீப் குதிரையாக ஓடியது. கொதிப்பே இல்லை. நானும் அண்ணியும் பின்னால் சோற்று அண்டாக்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் மழை வந்தது. பேராக் மழையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. என்னுடைய ஐந்து வாய்களும் அதை ஆவலாகக் குடித்தன. தண்ணீர் நேராக, இன்ஜினுக்கு மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விழுந்தது. இன்ஜின் இரண்டுமுறை இருமிவிட்டு நின்றுபோனது. துடைத்தோம், தள்ளினோம், சாமியைக் கூப்பிட்டோம். அசையவில்லை. கடைசியில் மேல் டிவிஷன் ஆட்களே நனைந்துகொண்டு இறங்கிவந்து அண்டாக்களைத் தூக்கிப்போனார்கள். சோற்றில் மழைத்தண்ணீர் நின்றது. அவர்களோடு வந்த கோயில் தலைவர் அண்ணனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வேறு யாரோ, "வண்டிக்கும் இன்னிக்கு அன்னதானமா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார்கள்.

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. பானெட்டைத் திறந்து பார்த்தார்; எங்கே தண்ணீர் நுழைந்தது என்று புரிந்துகொண்டார். "யாரு மூள இது? எந்த மடச்சாம்பிராணி வேல இது?" என்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினார். என் வாய் திறந்தது. அதற்குள் அண்ணி முன்னால் போய், "நான்தாங்க. தப்பாப் போச்சு," என்றார்.

அண்ணன் கொட்டித் தீர்த்தார். மழை விட்டது, அவர் விடவில்லை. அண்ணி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நானோ ஜீப்பின் மறுபக்கத்தில் ஒரு துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். ஒரு நிமிடம் அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிடமே, இதிலும் இவர்தான் பெரிய மனுஷியா என்று அண்ணிமேல் கோபம் பொங்கியது. என் தப்பைத் தூக்கிச் சுமந்தவரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஜன்மம் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருவரும் என் வெட்டுகளைத் தட்டி அடக்கி, வாயைத் திருப்பி வைத்தார்கள். அண்ணன் அண்ணியைத் திட்டிக்கொண்டே வேலை செய்தார். அண்ணியும் இப்போது திருப்பிக் கொடுத்தார். நான் செமோர் கோப்பிக்கடையில் உட்கார்ந்து கேரம் ஆடினேன். வாராவாரம் போனவன் மாதம் ஒருமுறை போனேன். எண்பதுகளில் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தீபாவளிக்கு மட்டும் போய்வரும் ஆளாகிவிட்டேன். தீபாவளிதோறும் அண்ணன், "இவ வலப்பக்கத்து வேலையக் கேளேன்!" என்று ஆரம்பித்து, வந்தவர்களையெல்லாம் சிரிக்கவைப்பார். அண்ணியும் சேர்ந்து சிரிப்பார். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன். உண்மை தெரியாமலே அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள், ஈப்போவில் அண்ணனின் மகன் வீட்டுச் சமையலறையில் அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, இத்தனை ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு ஏன் அண்ணி என் தப்ப உங்க தலையில போட்டுக்கிட்டீங்க? உங்க நல்ல மனசுக்கு நான்..."

"நல்ல மனசா?" அண்ணி நிமிர்ந்தார். "சும்மா இருங்க தம்பி. கல்யாணமாகி எட்டு மாசம், அவரு என்னைய ஒரு வார்த்த திட்டல. வந்த விருந்தாளிகிட்டப் பேசுற மாதிரி மெதுவாப் பேசுவாரு. ஒங்களத்தான் வாய் நெறயத் திட்டுவாரு. நீங்க வர்ற ஞாயித்துக்கிழம எல்லாம் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். எனக்கு எப்டி வயிறு எரியும் தெரியுமா? அன்னிக்கு அந்தத் திட்டு வெளிய வந்துச்சு. ஒங்களுக்கு விட்டுக் குடுப்பேனா லா?"

பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் என்றார்.

அறுபதைத் தாண்டிய கிழவன் நான்; அண்ணன் செத்துப் பதினேழாம் நாள் எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. அந்தத் திட்டு என்னுடையது.