குப்பைத்தொட்டியில் நூற்று நாற்பது பேர்

பவர் பட்டனைப் பத்து எண்ணும்வரை விடாமல் அழுத்துகிறார் அக்கா. லேப்டாப் அடங்குகிறது. தன் பென்டிரைவைச் செருகி, மறுபடி உயிர் கொடுத்து, அதே கணத்தில் இன்னொரு விசையைத் தட்டத் தொடங்குகிறார், பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. மூன்றாவது முயற்சியில் நீலத் திரை வருகிறது. "வந்துட்டியா?" என்கிறார் அதனிடம்.

தம்பியின் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். கழற்றிய திருகுகளை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டுவைப்பார். கணினிக்குள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் சிஸ்டத்தை மறுபடி போடுவதற்கு அவர் வைத்திருக்கும் சொல் 'குளிப்பாட்டுறது'. "பதினோரு வருஷம். என் கையில ஒருத்தர் ஃபைலும் போனதில்ல" என்பார், யாரும் கேட்காமலே.

"பெருமை பேச ஆரம்பிச்சாச்சா?" என்பான் தம்பி முன்கடையிலிருந்து.

இந்த லேப்டாப் ஒரு தையல்காரம்மாவுடையது. ஒரு ஆஸ்பத்திரிக்கு நூற்று நாற்பது சீருடை. நாளைக்குத் துணி வெட்டியாக வேண்டும். இன்றைக்குப் பார்த்து லேப்டாப் எழுந்திருக்கவில்லை. "எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா போட்டுடுங்கக்கா. வெளியில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அக்கா லேப்டாப்புக்குள் ஃபோல்டர்களை ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்க்கிறார். எல்லாம் காலி.

"அவங்களே ஒண்ணும் இல்லங்கிறாங்க. நீ என்ன போலீஸா?" என்றான் தம்பி.

"வெளியிலன்னு சொன்னாங்கடா. அப்ப உள்ளன்னு ஒண்ணு இருக்கும்ல?"

கடைசியாக, அழித்த ஃபைல்கள் போய்ச் சேரும் குப்பைத்தொட்டியைத் திறந்தார். தையல்காரம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, ரீசைக்கிள் பின்ல நூத்தி நாப்பது ஃபைல் கெடக்கு. அழிச்சிடவா?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. "ஐயோ, அதுதாங்கக்கா அளவு! தொட்டுடாதீங்க!"

"குப்பையிலயா வைப்பாங்க?"

"எங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் நோண்டுவாருக்கா. குப்பைய மட்டும் தொடவே மாட்டாரு. நீங்க அழிச்சாலும் அது தனியா இருக்கும்னு நெனச்சேன்." குரல் இறங்கியது. "ஒவ்வொருத்தரா நிக்க வச்சு மூணு வாரம் எடுத்தது. திரும்பப் போய் நின்னா ஆர்டரே போயிடும்."

"என்கிட்ட வந்தது எங்க போகும்? போனை வைங்க."

நூற்று நாற்பதையும் தன் டிஸ்க்கில் நகலெடுத்தார். குப்பையில் கிடந்ததால் பெயர்கள் உருமாறி, எழுத்தும் எண்ணும் கலந்த முடிச்சுகளாகியிருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து முதல் வரியைப் பார்த்துப் பெயர் மாற்றினார். தையல்காரம்மா ஆட்களுக்குத் தன் வசதிப்படி பெயர் வைத்திருந்தார்: 'சிரிக்கிற நர்ஸ்', 'இடது தோள் இறக்கம்', 'மூணாம் மாடி இருமல்', 'மூச்சை இழுத்துப் பிடிச்சவர், ரெண்டு இஞ்ச் கூட்டணும்'.

"சாப்பிட வரலியா?" என்றான் தம்பி.

"எழுபத்தாறுல இருக்கேன்."

பெயர் மாற்றி முடித்து, ஒருமுறை எண்ணிப் பார்த்த பிறகே 'எல்லாவற்றையும் நீக்கு' என்ற வரியை அழுத்தினார். சிஸ்டம் ஏறும்போது அக்கா எதையும் தொடுவதில்லை. போட்டோவுக்கு உட்கார்ந்தவர்போல இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, திரையில் சுற்றும் வளையத்தைப் பார்த்தபடி இருப்பார். நாற்பது சதவீதத்தில் அது வெகுநேரம் நின்றது. அக்கா அசையவில்லை. நாற்பத்தொன்று வந்ததும் எழுந்து சாப்பிடப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தையல்காரம்மா வந்தார். லேப்டாப்பில் அக்கா திரும்ப ஏற்றியிருந்த நூற்று நாற்பது பெயர்களையும் நின்றபடியே திரையில் விரல் வைத்துப் பார்த்தார். பதினைந்து நிமிடம் ஆனது. "எல்லாரும் இருக்காங்கக்கா" என்றார். அக்கா தலையாட்டினார். லேப்டாப்பை அணைத்தார். அணைக்குமுன் சத்தத்தை முழுசாகக் கூட்டியிருந்தார். பிறகு அதை முன்கடைப் பக்கம் திருப்பி வைத்து, தொடக்க இசை தம்பியின் காதில் விழட்டும் என்று மறுபடி போட்டார்.