சுவரில் கை கழுவியவர்

பெருந்தொற்று வந்த அந்த வருஷம் நகரத்தில் எல்லோரும் பார்த்த முகம் எந்த நடிகருடையதும் அல்ல. மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் குழாய் பழுது பார்க்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவருடையது. முகம் என்றுகூடச் சொல்ல முடியாது. பாதிக்கு மேல் முகக்கவசம். தெரிந்ததெல்லாம் இரண்டு கண்கள், விடைத்து நிற்கும் ஒரு காது, நுரை ததும்பும் இரண்டு கைகள். பொதுமக்களுக்கான சுகாதார அறிவுரைகள் அச்சிட்ட சுவரொட்டியில் முதல் படம் அதுதான்.

அவர் அந்தச் சுவரொட்டிக்குள் போய்ச் சேர்ந்தது தற்செயல். படத்துக்கு நிற்க ஏற்பாடு செய்திருந்த ஆள் ஊரடங்கில் மாட்டிக்கொண்டு வரவில்லை. செய்தித் தொடர்பு அதிகாரி என்ன செய்வதென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆணையர் அறைக் கழிவறையில் அடைப்பு எடுத்துவிட்டு இவர் கை கழுவிக்கொண்டிருந்தார். அடைப்பு எடுத்த கை அல்லவா, முழங்கை வரைக்கும் விடாமல் தேய்த்தார்.

“அப்படியே நில்லுய்யா!” என்று கத்தினார் அதிகாரி.

நகரம் முழுவதும் பின்பற்றவேண்டிய கை கழுவும் முறை அப்படித்தான் கிடைத்தது. சன்மானமாக அந்த சோப்புக்கட்டியையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பாதி தேய்ந்திருந்தது.

அதுவரை அடையாள அட்டைக்குத் தவிர வேறு எதற்கும் அவரை யாரும் படம் பிடித்ததில்லை. அதனால் மனிதர் கொஞ்சம் ஆடிப்போய்விட்டார். வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுவர் முன்னால் நிற்பார். யாராவது கடந்து போனால், காது நன்றாகத் தெரியும்படி ஒருக்களித்து நிற்பார். அப்படியும் கண்டுபிடிக்காதவர்களிடம் வாய்விட்டே சொல்லிவிடுவார். சீக்கிரமே தெருவில் அவருக்கு ‘சோப்புக்காரர்’ என்று பெயர் விழுந்தது. கேலிக்கு வைத்த பெயர்; அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அவருடைய தெரு அதிகாரிகள் குடியிருப்புக்குப் பின்பக்கம் இருந்தது. ஓர் அறையே வீடு. எந்த வீட்டுக்கும் குழாய் இணைப்பு கிடையாது. தெருமுனையில் ஒரே ஒரு பொதுக்குழாய். இவர் வீட்டில் மனைவி, பிரசவம் முடிந்த மகள், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பேத்தி, ஒரு தையல் மெஷின். மெஷினில் மனைவி ஒப்பந்தத்துக்கு முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தார். சுவரொட்டியின் நாலாவது அறிவுரை, காய்ச்சல் கண்டவர் காற்றோட்டமான தனி அறையில் தனிக் கழிப்பறையோடு இருக்கவேண்டும் என்றது. எழுதியவரின் வீட்டில் எத்தனை கதவுகள் இருந்திருக்கும் என்பதை அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரு நாள் உதவிப் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார்.

“பொதுக்குழாய்ல கூட்டம் சேருதுன்னு புகார் மேல புகார். தொத்து பரவுதாம். வால்வை மூடிடு.”

“சார், அது எங்க தெரு.”

“அப்ப வழி கேக்க வேண்டியதில்ல. போ.”

போனார். மத்தியான வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வால்வை இறுக்கிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பினார். அவர் போன பிறகு சுவரொட்டி ஒட்டுகிற ஆள் வந்தார். தெருவிலேயே பளிச்சென்று தெரிகிற இடம் அந்தக் குழாய்த் தூண்தான் என்று பார்த்து, அதிலேயே ஒட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி ஆரம்பித்தார்.

“குழாய்ல வெறும் காத்துதான் வருது. உங்க ஆபீஸ்ல ஏதும் சொன்னாங்களா?”

“மூடிட்டாங்க.”

“யாரு மூடினது?”

“ஆர்டர்.”

“ஆர்டருக்குக் கை இருக்கா? எந்தக் கை மூடுச்சுன்னு கேக்குறேன்.”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதில் மும்முரமானார்.

“கூட்டம் சேர்ந்தா தொத்தும்ல…”

“கழுவலேன்னாலும் தொத்தும்னு உங்க போஸ்டர்தானே சொல்லுது? சுவத்துல நிக்கிறவரு நாள் பூரா கை கழுவுறாரு. பேசாம அவரோட போய்க் குடித்தனம் பண்ணலாம். பிள்ளைத் துணி அலசவாவது தண்ணி கிடைக்கும்.”

மூலையில் பேத்தியின் துணிகள் குவிந்து கிடந்தன. மகள் குழந்தையின் தொடையிடுக்கில் சிவந்திருந்த இடத்தைத் துணி விலக்கி அப்பாவிடம் காட்டினாள், அவ்வளவுதான். மனைவியின் பேச்சு எதுவும் தைக்காத மனிதருக்கு அது தைத்தது.

அறிவியல் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சோப்பும் தண்ணீரும் சேர்ந்தால் கிருமி சாகும். மாநகராட்சியின் காதில் அதில் பாதிதான் விழுந்தது. மூடிய குழாய்க்குப் பதில் லாரி வரும் என்று அறிவித்தார்கள். வந்தது, நினைத்த நேரத்துக்கு, பெரிய சாலை வரைக்கும். நான்கு தெருக்காரர்கள் குடங்களோடு ஒரே லாரி மேல் விழுந்தார்கள். பொதுக்குழாயில் ஒருநாளும் சேராத கூட்டம் அது. ஆனால் பொதுக்குழாயில் கூட்டமே இல்லை என்று மேலே அறிக்கை போயிற்று. அதுவும் உண்மைதான்.

அந்தச் சமயத்தில்தான் குறும்படம் எடுக்கலாம் என்று மேலிடத்துக்கு யோசனை வந்தது. ஏழைகள் வசிக்கும் தெருவில், ஏழை ஒருவர் மகிழ்ச்சியாகக் கை கழுவவேண்டும். அதிகாரி இவரையே கூப்பிட்டார். எந்தத் தெரு என்று பேச்சு வந்தபோது இவர் தயங்கித் தயங்கித் தன் தெருவைச் சொன்னார். உடனே ஒப்புக்கொண்டார்கள். காரை விட்டு அதிக தூரம் நடக்கவேண்டாம்.

தெருநடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள், மஞ்சள் வண்ணம் அடித்தார்கள், வெள்ளைப் பீங்கான் தொட்டி பதித்தார்கள், பளபளவென்று ஒரு குழாய். சுவருக்குப் பின்னால் மறைவாக ஒரு பிளாஸ்டிக் டிரம். குழாயை அதோடு இணைத்துவிடவேண்டியது இவர் பொறுப்பு.

“டிரம்முக்குத் தண்ணி, சார்?”

“தெருப் பொம்பளைங்கள ஆளுக்கு ரெண்டு குடம் ஊத்தச் சொல்லுப்பா. அவங்க தெருவுக்குத்தானே பெருமை.”

இதை வீட்டில் போய்ச் சொல்லும் தைரியம் அவருக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை. மனைவி மெஷினை நிறுத்தினார்.

“ஏங்க, லாரிக்கு ஓடி, முட்டி மோதி, நான் சொமந்துட்டு வர்ற தண்ணியில நீங்க கை கழுவுவீங்க. அத ஊரே பாத்துக் கை கழுவக் கத்துக்கும். அப்படித்தானே?”

“ரெண்டு குடம்தான…”

“ஒரு குடமும் கிடையாது. இந்தத் தெருவுக்குக் கீழ பெரிய குழாய் போகுதுன்னு கல்யாணம் ஆன புதுசுல பெருமையடிச்சீங்களே, அது இன்னும் போகுதா, இல்ல வத்திப்போச்சா?”

போகத்தான் செய்தது. அதிகாரிகள் குடியிருப்புக்கு இந்தத் தெருவின் வயிற்றுக்குள்ளாகத்தான் போனது.  அவர் எழுந்து ஸ்பேனர் பையை எடுத்தார். மஞ்சள் சுவர் நல்ல மறைப்பு. படத்துக்காகத் தோண்டுகிறார் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அதுவும் முழுப்பொய் இல்லையே.

படப்பிடிப்பு அமோகமாக நடந்தது. குழாயைத் திருகியதும் வந்த வேகத்தில் நுரை கேமராக்காரர் வரைக்கும் தெறித்தது. “டிரம் தண்ணிக்கு இவ்வளவு பிரஷரா?” என்று அவர் வியந்தார். “நல்ல டிரம்முங்க” என்றார் இவர். எல்லோரும் போன பிறகு மகள் அந்தப் பீங்கான் தொட்டியிலேயே குழந்தையைக் குளிப்பாட்டினாள்.

ஒரு வாரத்தில் படம் எல்லோர் கைபேசிக்கும் வந்துவிட்டது. அதே வாரம் அதிகாரிகள் குடியிருப்பின் மாடி வீடுகளில் தண்ணீர் வேகம் குறைந்து ஷவர் சொட்ட ஆரம்பித்தது. ஒரு தெருவே தண்ணீர் இல்லாமல் கிடந்தபோது அசையாத நிர்வாகம், ஒரு ஷவர் சொட்டியதும் ஜீப் ஏறி வந்துவிட்டது. உதவிப் பொறியாளர் நேரே சுவருக்குப் பின்னால் போனார். டிரம்மில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதற்குள் யாரோ உருளைக்கிழங்கு போட்டு வைத்திருந்தார்கள்.

“யோவ், என்னய்யா வேலை பண்ணி வச்சிருக்க? எடு கனெக்‌ஷன. இப்பவே!”

இவர் ஸ்பேனரை எடுத்தார். வேலை போய்விடும் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. கதவுகள் திறந்தன. பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். ஒருவருக்கொருவர் தள்ளி, முகக்கவசத்தோடு, அறிவுரையில் சொன்னபடியே. கலைந்து போங்கள் என்று அதட்டவும் பொறியாளருக்கு வழியில்லை.

மனைவி முன்னால் வந்தார். கையில் கைபேசி.

“எடுக்கட்டும் சார், நாங்க தடுக்கல. நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் பத்தல. கை கழுவுறது எப்படின்னு படம் போட்டாச்சு. கழுவுற குழாயப் புடுங்குறது எப்படின்னும் ஜனங்க தெரிஞ்சுக்கட்டும்.”

“இந்தாம்மா, அதக் கீழ வை முதல்ல.”

“மாஸ்க் மூக்குக்குக் கீழ இருக்கு சார். நல்லா ஏத்திப் போடுங்க, படத்துல விழும்.”

பொறியாளர் முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மேலிடமோ படத்துக்குக் கிடைத்த பாராட்டில் மிதந்துகொண்டிருந்தது. குழாயைத் தற்காலிகமாக விட்டுவைக்க உத்தரவு வந்தது. கூடவே சோப்புக்காரருக்கு இரண்டு காகிதங்கள் வந்தன: சிறப்பாகப் பணியாற்றியதற்கு ஒரு பாராட்டு, அனுமதி இல்லாமல் இணைப்புக் கொடுத்ததற்கு ஓர் எச்சரிக்கை. இரண்டிலும் கையெழுத்து ஒன்றே. இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேலை இல்லை என்று இரண்டாவதில் தெளிவாக எழுதியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் வந்து வாசலில் தள்ளி நின்றார்.

“அண்ணே, நீங்க கை கழுவுன இடத்துல தண்ணி வருதுன்னு பேசிக்கிறாங்க. உங்க கை ராசியான கைண்ணே. எங்க தெருவுல வந்தும் ஒரு தடவ கழுவிட்டுப் போங்களேன்.”

அவர் முகம் மலர்ந்தது. ராசியான கை! தன் கையை ஒருமுறை புரட்டிக்கூடப் பார்த்துக்கொண்டார். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் நின்றது. அவர் தொண்டையைச் செருமினார்.

“ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்லம்மா. உங்க தெருவுக்குக் கீழயும் அதே குழாய்தான் போகுது. தோண்டினா வரும்.”

“யாருண்ணே தோண்டுறது?”

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். மனைவி பல்லால் நூலைக் கடித்து அறுத்தார்.

“என் மூஞ்சிய என்ன பாக்குறீங்க? கடப்பாரை கட்டிலுக்கு அடியில கிடக்கு.”