அராபாவின் எண்ணெய்க் கை

சீப்பின் கூர்முனையால் உச்சியிலிருந்து பிடரிவரை வகிடு இழுக்கும்போது அராபா மூச்சை அடக்கிக்கொள்வாள். வகிடு நேராக வந்துவிட்டால் மேலே பார்த்து, "பாத்தீங்களா?" என்பாள். கேள்வி நமக்கல்ல. அடுத்த வீட்டு ஜன்னலில் நிற்பவரிடம் பேசுகிற மாதிரி அவள் கடவுளிடம் பேசுவாள். புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்த்தால் தலையில் ஒரு குட்டு விழும். "ஆடாதே. உன்கிட்டயா பேசினேன்?"

எங்கள் கடலோர ஊரான கேப் கோஸ்ட்டில், மீனுக்குப் புகைபோடும் தெரு முடிகிற இடத்தில், நீலச் சாயம் அடித்த தகரக்கடை அவளுடையது. பின்னல் போடுவதில் அவளுக்கு இருபத்தெட்டு வருஷப் பழக்கம். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள். ஹர்மட்டான் காற்று வடக்கிலிருந்து புழுதியைக் கொண்டுவந்து ஊர்மேல் போர்த்தியிருக்கும். அந்த மங்கலில் சூரியன் நிலாவைப்போலத் தெரியும். வானொலியில் கிறிஸ்து பிறப்புப் பாட்டு; தலையில் அவள் விரல்கள். உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் எனக்குக் கண் சொருகிவிடும். அவள் சொன்னதில் எவ்வளவைக் கேட்டேன், எவ்வளவைக் கனவு கண்டேன் என்று பிரிக்க முடிந்ததில்லை.

அவள் கணவன் எபோ ஒரு டிசம்பரில் மீன்பிடிக்கப் போனான். படகும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை.

"அதுக்கப்புறம் இவரோட ரெண்டு வருஷம் பேச்சே கிடையாது" என்று விரலை மேலே காட்டுவாள். "கோயில் மணி அடிச்சா ரேடியோவைச் சத்தமா வெப்பேன். ஒரு கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலைல குழாயடில நிக்கிறேன். திடீர்னு நெஞ்சுக்குள்ள ஒரு சந்தோஷம். காரணமே இல்ல. எபோ வரல, ஒண்ணும் மாறல. ஆனா யாரோ, 'நீ இருக்கியே, அதுவே எனக்குப் போதும்'னு சொன்ன மாதிரி. வாளி நிரம்பி வழியுது, கால் நனையுது, நான் பாட்டுக்குச் சிரிக்கிறேன். பின்னாடி நின்னவ திட்டித் தீத்துட்டா."

போன வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மதியம். என் தலையில் பாதி முடிந்திருந்தது. தலைத்துணியை இறுகக் கட்டிக்கொண்டு குக்குவா வாசலில் வந்து நின்றாள். தேவாலயப் பாடகர் குழுவில் தனிக்குரல் அவளுடையது. ஆறு மாதமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒட்டுமுடி வெச்சுப் பின்ன முடியுமா?"

துணியை அவிழ்த்தாள். அங்கங்கே நாலைந்து இழைகள். மற்றபடி தலை வெறுமையாக இருந்தது.

"எதுல முடியக் கட்டுறதாம்?" என்றாள் அராபா மெதுவாக.

"தெரியும். சும்மா கேட்டேன். நாளைக்கு நான் பாட வரல. பிள்ளைங்க பாத்தா பயப்படும். மேல இருக்கிறவருக்கே என்னை அடையாளம் தெரியாது."

அராபா சீப்பை என் தலையிலேயே செருகிவிட்டு எழுந்தாள்.

"தெரியாதா? ஒவ்வொரு தலையிலயும் எத்தனை முடின்னு எண்ணி வெச்சிருக்காராம் அவர். நானும் இத்தனை வருஷமாத் தலையோட மல்லுக்கட்டுறேன், ஒரு தலையக்கூட எண்ணி முடிச்சதில்ல. பாவம், எங்க தலையெல்லாம் பாத்து அவருக்கும் கண்ணு வலிச்சிருக்கும். உன் தலைலதான் இப்ப நிம்மதியா உக்காந்து எண்ணுவாரு."

குக்குவாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். "பாவி, உன் வாய்ல புழு வெக்க!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பின் நடுவே கண்ணீரும் வந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

அராபா அவளை நாற்காலியில் உட்காரவைத்து, வெந்நீரில் தலையைக் கழுவினாள். ஷியாக் கொட்டையின் வெண்ணெயை உள்ளங்கையில் உருக்கி, காதுக்குப் பின்னாலிருந்து உச்சிவரை தேய்க்க ஆரம்பித்தாள். முழுத்தலைக்கும் பின்னல் போட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் தேய்த்தாள். குக்குவா தூங்கிப்போனாள். காத்திருந்தவர்களில் ஒருத்தி முணுமுணுத்தாள்: "விடிஞ்சா கிறிஸ்துமஸ். நாங்க எப்படிப் போறது?"

"தலையோடதான். கழுத்து மேல இருக்கில்ல?" என்றாள் அராபா, திரும்பாமலே.

என் மறுபாதித் தலை முடிந்தபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

மறுநாள் காலை ஆராதனையில் குக்குவா துணி கட்டாமல் வந்தாள். அவள் தலை பளபளத்தது. முதல் வரியில் குரல் உடைந்தது. நின்று, எச்சில் விழுங்கி, மறுபடி எடுத்தாள். இரண்டாம் அடியில் அது கூரைக்கு ஏறியது. ஒரு குழந்தை கைதட்டியது. பிறகு எல்லோரும் எழுந்து கைக்குட்டையை வீசி ஆடினோம்.

அராபா மட்டும் எழவில்லை. முழங்கையால் என்னை இடித்து, "கொஞ்சம் நகரு" என்றாள். யாரோ தாமதமாக வருகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அவள் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு, பெஞ்சில் அங்கே படிந்திருந்த புழுதியைப் இடுப்பில் சுற்றியிருந்த புதுத்துணியின் முனையால் மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தாள்.