கண்காட்சிக்குள் ஒரு கல்வேலி

ஒரு வருடமாக எனக்கு ஓவியமே வரவில்லை. அதனால் கணவர் என்னை நெடுந்தீவிலிருந்து படகேற்றி, ஊர்காவற்றுறையில் நடந்த நவீன கலைக் கண்காட்சிக்கு அழைத்துப்போனார். எதிலும் மனம் ஒட்டவில்லை.

திரும்பிப் பார்த்தால், தரையில் சிதறிக் கிடந்த பவளக்கற்களை அவர் வேலியாக அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் தீவில் வேலியே பவளக்கல்தான்; கல் விழுந்து கிடந்தால் யாரென்றாலும் எடுத்துவைத்துவிட்டுத்தான் போவோம்.

பொறுப்பாக நின்ற பெண் ஓடிவந்தாள். "ஐயோ அண்ணை, அது கலைப்படைப்பு!"

"ஓமோ? மாடு பூந்திடுமெண்டு அடுக்கினனான்."

அவள் என்னிடம் திரும்பினாள். "அக்கா, உங்களோட வந்தவரோ?"

"இல்லை" என்றேன்.

அவருக்கு அது கேட்டது. கற்களைப் பழையபடி கலைத்துப் போட்டார்.

திரும்பும் படகில், அலை தெறிக்காத பக்கத்தில் என்னை இருத்திவிட்டு அவர் நனைந்துகொண்டு வந்தார். நான் அவருடைய கைகளை வரைந்தேன்.

எட்டிப் பார்த்தார். "ஆரின்ரை கை?"

"என்னோட வந்தவரின்ரை" என்றேன்.